நாளைக்கும் பறக்குமா?

கண்ணு, வாட்ஸ்அப்பில் நான் அனுப்புகிற குரல் பதிவுகளை நீ இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய். போன தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது, குளிக்கப் போகிற அவசரத்தில் நீ ஓட்டிய பதிவில் என் குரலே எனக்குக் கோழி கத்துவது போலக் கேட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், முக்கியமான விஷயம் என்றால் இனி இவனுக்கு எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று. எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. அதுவும் தமிழ் எழுத்து என்றால் நீ கூட்டிக் கூட்டித்தான் படிப்பாய். பாகாலாவில் தெலுங்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைக்கு, விற்காமல் மிஞ்சிய பலூன்களின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் காட்டித் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். ‘ழ’ எழுதும்போது பலூன் வெடித்துவிட, இனிமேல் அந்த எழுத்தே வேண்டாம் என்று நீ அழுதாய். இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். தாள் என்னிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை உங்கள் கம்பெனியின் இரண்டாவது கூட்டம் முடிந்ததும் அதை உன் அத்தை கையில் கொடுத்துவிடப் போகிறேன். அவளும் படிப்பாள் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நீயும் அப்படி நினைத்துக்கொண்டே படி.

போன வாரம் வரதய்யபாளையத்துப் பக்கம், நான் பிறந்த ஊரில், உங்கள் கம்பெனி போட்ட முதல் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கொரு சமோசா. தண்ணீரை வெயில் கரண்டால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலை வரப் போகிறது, அதற்கு ஊர்க்காரர்கள் நிலத்தையும் அதிலுள்ள போர்க் கிணறுகளையும் குத்தகைக்குத் தர வேண்டும் என்று சொல்ல வந்த பெரிய அதிகாரிகள் இங்கிலீஷில் பேசினார்கள். நீ அதைத் தெலுங்கில் சொன்னாய், பிறகு தமிழில் சொன்னாய். கழுத்தில் அடையாள அட்டையோடு மைக் முன்னால் நின்ற உன்னைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண்களிடம் “எம் புள்ள, எம் புள்ள” என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் நீ பேசியதில் பாதி எனக்கே கேட்கவில்லை. கேட்ட பாதியில்தான் உன் அத்தை எழுந்து நின்றாள். என் தம்பி பெண்டாட்டியாக வந்ததிலிருந்து அவள் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “தண்ணி எங்கேர்ந்து எடுக்கப் போறீங்க? எங்க சைடு போருங்க வத்திப் போச்சின்னா யாரு ஜவாபு?”

நீ சிரித்தாய். “அத்தே, தண்ணியப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. இப்ப எல்லாத்துக்கும் டெக்னாலஜி கீது.” அதிகாரிகளும் சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள், அத்தை உட்கார்ந்துவிட்டாள். நான் உன் கையைப் பார்த்தேன். வலது கை காது மடலைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. மார்க் குறைந்த தாளைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும்போதும் நீ அதைத்தான் செய்வாய்.

பொங்கலுக்கு லீவில் வந்தபோது இதே தண்ணீரைப் பற்றி நீ என்னிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தாய். அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக் கொடுத்துக்கொண்டே பேசினாயே, அதைச் சொல்கிறேன். நான்தான் ஆரம்பித்தேன், “உங்க கேஸ வெச்சி இனிமே பஸ்ஸு, லாரி, அடுப்பு எல்லாம் ஓடுமாமே, டிவியில சொல்றான்” என்று. “எல்லாம் ஓடும்மா, ஆனா எல்லாத்தையும் அதுல ஓட்டறது புத்தி இல்ல” என்றாய். போடுகிற கரண்டில் ஒரு பங்கு தண்ணீரைப் பிரிக்கும்போதே போய்விடுகிறது, பிரித்த கேஸை அழுத்தி அடைக்க இன்னொரு பங்கு, அதை வண்டியில் ஏற்றித் திரும்பக் கரண்டாக்கும்போது இன்னொரு பங்கு. புளிக்கரைசலைப் பாத்திரம் பாத்திரமாக மாற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, கடைசியில் குழம்புக்குக் குறைந்துபோகும் என்று நான் சொன்னதற்கு, “அதேதாம்மா” என்று கீரையை என் மேல் வீசினாய். பஸ்ஸுக்குக் கரண்டை நேராக பேட்டரியில் ஏற்றுவதே மேல், வீட்டு அடுப்புக்குக் கரண்டு அடுப்பே மேல் என்றாய். ஆனால் உரம் செய்ய ஹைட்ரஜன் இல்லாமல் முடியாது, இன்றைக்கு அதை எரிவாயுவிலிருந்து எடுத்துப் புகையை மேலே விடுகிறார்கள். இரும்பு உருக்கவும் கரியை விட்டால் பெரிய வழி இதுதான். “அங்க நம்ம கேஸு வேணும்மா, வேற கதி இல்ல” என்று சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? உன் வேலையை நீ நம்புகிறாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தண்ணீரைப் பற்றியும் அன்றைக்கே சொன்னாய். ஊர் முழுக்க நெல் போடுவதோடு சேர்த்துப் பார்த்தால் இது பெரிய தண்ணீர் இல்லை, ஆனால் வருடம் முழுக்க வேண்டும், சித்திரை வைகாசியிலும் வேண்டும், ஒரே இடத்தில் உறிஞ்சினால் சுற்றியுள்ள போர்கள் இறங்கும் என்றாய். சுத்தமான தண்ணீரை மட்டும்தான் அந்த மிஷின் குடிக்கும், சுத்தம் செய்த பிறகு மிஞ்சும் உப்புத் தண்ணீரை எங்கேயாவது விட்டாக வேண்டும் என்றாய். ஸ்ரீ சிட்டி ஆலைகளின் கழிவு நீரைச் சுத்தம் செய்து குழாயில் கொண்டுவந்தால் ஊர்த் தண்ணீரைத் தொடவே வேண்டாம், செலவு கூட, மேலே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றாய். வெயில் இல்லாத நேரத்தில் வெளிக் கரண்டு வாங்கி ஓட்டினால், அந்தக் கரண்டு கரியிலிருந்து வந்ததாக இருந்தால், பெயருக்குத்தான் பச்சை என்றுகூடச் சொன்னாய். இத்தனையும் தெரிந்த வாய்தானே மைக் முன்னால் டெக்னாலஜி கீது என்றது? எனக்குக் கோபம் வந்தது, கண்ணு. மறைக்காமல் சொல்கிறேன், வெட்கமாகவும் இருந்தது.

உங்கள் கேஸின் மேல் எனக்குப் பகை என்று நினைக்காதே. நம் வீட்டில் வெந்த சோறெல்லாம் அதில் வந்ததுதான். திருப்பதி கங்கம்மா ஜாதரை, சித்தூர் பக்கத்துத் திருவிழாக்கள், எக்ஸிபிஷன், கல்யாண மண்டப வாசல் என்று உன் நைனா இரும்பு சிலிண்டரோடு டிவிஎஸ் வண்டியில் போவார், நான் பலூன் பாக்கெட்டும் நூல்கண்டும் உன்னையும் தூக்கிக்கொண்டு பாகாலா ஜங்ஷனில் ரயில் ஏறுவேன். சிலிண்டருக்குள் காஸ்டிக் சோடாவும் அலுமினியத் தூளும் தண்ணீரும் போட்டு மூடினால் உள்ளே கொதித்துக் கேஸ் வரும். ஈரச் சாக்கைச் சுற்றினாலும் கிட்டே நிற்க முடியாத சூடு. அதற்கு என்ன பெயர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கேஸு, அவ்வளவுதான். நீ ஒன்பதாவது படிக்கும்போது புத்தகப் பையைக்கூட இறக்காமல் ஓடி வந்து, “நைனா, நம்ம கேஸு பேரு ஹைட்ரஜன்! சூரியன்ல கூட அதான் கீதாம்!” என்று கத்தினாய். அவர் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, “பேரு இன்னாவா இருந்தா இன்னாடா, மேல போனா சரி” என்றார். பிறகு ஒரு வாரத்துக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சூரியனில் இருக்கிற கேஸைத்தான் விற்கிறேன் என்று பெருமையடித்தவரும் அவர்தான்.

உன் காதுகுத்துக் கதையை நீ எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பாய்! ஆனாலும் இந்த இடத்தில் நான் சொல்லியாக வேண்டும். பலூன்காரன் வீட்டு விசேஷம், பந்தல் முழுக்கப் பலூன் நிற்க வேண்டும் என்று உன் நைனாவுக்கு ஆசை. கேஸ் பலூனை அன்றன்றைக்குத்தான் அடைப்போம். ஆனால் உன் காதுகுத்தன்று காலையில் அவருக்கு வேறு வேலை இருந்தது, மாமன் வீட்டுச் சீரை எதிர்கொள்ள வேண்டும். அதனால் முந்தின நாள் மதியமே உட்கார்ந்துவிட்டார். நான் தடுத்ததற்கு, “நாந்தான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு ரெட்டையா அடைக்கிறேனே, எங்கிருந்து போவும்?” என்றார். பலூனுக்குள் பலூன் நுழைத்து, வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டி, தன் கண்டுபிடிப்பைத் தானே மெச்சிக்கொண்டார். மறுநாள் என் தம்பி சீர்த்தட்டோடு மேளம் முழங்க வந்தபோது, அத்தனை பலூனும் சுருக்கம் விழுந்து பந்தக்கால் அடியில் கிடந்தன. “பலூன்காரன் ஊட்ல பலூனு தரைல மேயுது” என்று யாரோ சொல்ல, நீ காது வலியில் அழுகிறாய், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். உன் நைனா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. எவ்வளவு பொடிசான கேஸ் அது, ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத வழியிலெல்லாம் போய்விடுகிறது என்று பிற்பாடு நீதான் விளக்கினாய். இரும்புக்குள்ளேயே நுழைந்து அதை நொறுங்க வைக்கும், அதற்கென்றே தனிக் குழாய் வேண்டும் என்றும் சொன்னாய். அப்போதுதான் உன் நைனாவுக்கு மனசு ஆறியது. பெரிய பெரிய கம்பெனிக்காரனுக்கே அடங்காததா எனக்கு அடங்கும் என்றார்.

அவருடைய முழங்கையில் இருக்கும் தழும்பு உனக்குத் தெரியும். கங்கம்மா ஜாதரையில் பலூன் கொத்துக்குப் பக்கத்தில் ஒருவன் பீடியோடு வந்து நின்றான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. புருவம் பொசுங்கி, கை வெந்து, ஆனால் கூட்டத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த அம்மன் புண்ணியம். நீ சம்பாதிக்கத் தொடங்கியதும் முதல் காரியமாக அந்த சிலிண்டரை எடைக்குப் போட வைத்தாய். நல்ல வேலை செய்தாய். இப்போது அவர் குச்சியில் செருகிய காற்றுப் பலூனும் லைட் பலூனும் விற்கிறார், “வாய்க்காத்த ஊதி விக்கிறதெல்லாம் ஒரு வியாபாரமா” என்று தினமும் புலம்புகிறார். சிலிண்டர் நின்ற மூலையில் இன்றும் எனக்கு ஒரு கத்தரிச்செடி பிழைக்கவில்லை. வேலை முடிந்து அதிலிருந்து கொட்டிய வெள்ளைச் சேறு மண்ணில் இறங்கியிருக்கிறது. பலூன் மேலே போவதைத்தான் வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மிஞ்சியதை எங்கே கொட்டினீர்கள் என்று யாரும் கேட்டதில்லை, எங்களுக்கும் தோன்றியதில்லை. நீ அந்த உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னபோது எனக்கு என் கத்தரிச்செடி ஞாபகம்தான் வந்தது.

இவ்வளவையும் எதற்கு எழுதுகிறேன் என்றால், பலூன் வியாபாரத்தில் ஒரு கேள்வி உண்டு. காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்: “நாளிக்கும் பறக்குமா?” உன் நைனா, “ஓ, பேஷா பறக்கும், வாங்கிக்க” என்பார். நான், “இல்ல கண்ணு, காலைல எறங்கிடும், இன்னிக்கே ஆசை தீர ஆடிக்கோ” என்பேன். இதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை. “வியாபாரத்தைக் கெடுக்கவே எங்கூட வரியா நீ?” என்று ஜாதரையில் அத்தனை பேர் நடுவில் கத்தியிருக்கிறார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது, நான் சொன்னதைக் கேட்டுக் கையை மடக்கிக்கொண்டு போன தாய்மார்கள் உண்டு. ஆனால் நிறையப் பேர் தெரிந்தே வாங்கினார்கள். பிள்ளையின் மணிக்கட்டில் நூலைச் சுற்றிக் கட்டி, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பத்திரப்படுத்தாமல், அங்கேயே கூட்டத்துக்கு நடுவில் ஏற்றி இறக்கி விளையாட விட்டார்கள். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினார்கள். மறு வருஷம் என்னைத் தேடி வந்து, “நெசத்தச் சொல்ற அம்மாகிட்டியே வாங்கு” என்று பிள்ளையைத் தள்ளிவிட்டவர்களும் இருக்கிறார்கள். உன் நைனா அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

கூட்டம் முடிந்து அத்தை வீட்டுக்குப் போனேன். நீ அதிகாரிகளோடு காரில் ஏறிப் போய்விட்டாய், அது பரவாயில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: “மனசுல பாரமா இருந்துச்சி அண்ணி. வேற எவனாவது வந்து சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். நம்ம புள்ளயே நின்னு சொல்லுது, தண்ணிக்கு பயம் இல்லன்னு. வெள்ளிக்கெழம கையெழுத்துப் போட்டுட்றோம்.” உன் மாமாவும் தலையை ஆட்டினார். உனக்குத் தெரியுமா, அந்த நிலம் எப்படி வந்தது என்று? எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர், எங்களுக்கென்று ஒரு வரப்புகூடக் கிடையாது. உன் மாமாவும் அத்தையும் செங்கல் சூளையில் கிடந்து அந்தத் துண்டை வாங்கிப் போர் போட்டார்கள். முதல் தண்ணீர் பீறிட்டபோது அத்தை அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்தப் போரைத்தான் உன் ஒரு வார்த்தையை நம்பி அவள் தூக்கிக் கொடுக்கப் போகிறாள். அவள் காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

நானே அவளிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பொங்கலன்று நீ சொன்னதையெல்லாம் அப்படியே கொட்டியிருந்தால் அவள் என்னை நம்பியிருப்பாள். உன்னை அதற்கப்புறம் நம்பியிருக்க மாட்டாள், என்றைக்கும். உன் வாயாலேயே திருத்திக்கொள்ள உனக்கு ஒரு கூட்டம் பாக்கி இருக்கும்போது அதைப் பிடுங்கிவிட எனக்கு மனசு வரவில்லை. உன் மேலதிகாரி முறைப்பார் என்று தெரியும். புது வேலை, பெரிய பதவி, இந்த வட்டாரத்துப் பாஷை தெரிந்தவன் என்றுதான் உன்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். உன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வந்தால் வரட்டும், உன் நைனாவிடம் குச்சிப் பலூன் நிறைய இருக்கிறது, ஊத ஆள்தான் இல்லை. ஆனால் ஒன்று யோசி. உங்கள் ஆலை வர வேண்டும் என்று நீ நிஜமாகவே ஆசைப்படுகிறாய், எனக்கும் ஆசைதான். ஊர்ப் போர் இறங்கிப்போன மறு வருஷம் அந்த ஜனங்கள் ஆலை வாசலில் வந்து உட்கார்ந்தால் எந்த ஹைட்ரஜனும் நடக்காது. கழிவு நீர்க் குழாய் வரும் வரை எங்கள் போரைத் தொடாதே என்று அவர்களே கேட்கட்டும், எழுதி வாங்கட்டும். அப்படிக் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நானும் வருவேன். உன் நைனா முதலில் மாட்டேன் என்றார், இப்போது வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். பெண்கள் பக்கத்தில் அத்தையை ஒட்டித்தான் உட்காருவேன். அவள் இனிமேல் கேட்க மாட்டாள், உன்னிடம் கேட்டுவிட்டோம், பதில் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறாள். அதனால் நான் எழுந்து கேட்பேன். மைக்கில் என்னை அம்மா என்று கூப்பிட்டுச் சிரித்துச் சமாளிக்காதே, காதையும் தொடாதே. உரம், இரும்பு, டெக்னாலஜி என்று நான் ஒன்றும் கேட்க மாட்டேன், அவ்வளவு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: “நாளைக்கும் பறக்குமா?” அப்போது அத்தையின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லு. காசு அவள் உள்ளங்கையில்தான் இருக்கிறது, இன்னும் கொடுக்கவில்லை.